பெயர் வாங்கித் தந்தவர்

திருச்செல்வம் ஐயாவின் எண்பதாவது பிறந்தநாள் விழாவுக்கு வாழ்த்துரை எழுதிப் படிக்கும் பொறுப்பை ரோகினியிடம் கொடுத்தபோது தாமான் குடியிருப்பில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. ஐயாவால் நிமிர்ந்தவர்கள் அங்கே வீட்டுக்கு வீடு இருந்தார்கள். ஆனாலும் அவர் சொல்லை மட்டுமே பிடித்துக்கொண்டு எழுந்து நின்றவள் என்றால் அது ரோகினிதான் என்று ஊருக்கே தெரியும்.

அந்தத் தாமான் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். மந்தினுக்கும் சிரம்பானுக்கும் நடுவே, பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி, கண்ணுக்கெட்டிய தூரம் பால்மரமாக நின்ற இடம். கம்பெனி நிலத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றதும், தொழிலாளர் லயத்தில் இருந்தவர்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மூன்று தலைமுறையாக மரம் சீவியவர்கள் சட்டி பானையோடு எங்கே போவது என்று விழித்துக்கொண்டு நின்றபோது, அவர்களில் ஒருவராக மரம் சீவிக்கொண்டிருந்த திருச்செல்வம்தான் முன்னால் வந்தார். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. ஆனால் வக்கீல் முன்னாலும் பேசுவார், மந்திரி முன்னாலும் பேசுவார், குரல் மட்டும் உயராது. மண்வாரி இயந்திரம் லயத்துக்கு வந்த அன்று அதன் முன்னால் பாயை விரித்துப் படுத்தார். வருஷக்கணக்கில் அலைந்து, விற்ற நிலத்தின் ஒரு மூலையிலேயே லயத்துக் குடும்பங்களுக்கு வரிசை வீடுகளை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஓய்ந்தார்.

ஓய்ந்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. தோட்டத்து மக்களில் பாதிப் பேரிடம் ஐசி என்கிற அடையாள அட்டை முறையாக இல்லை. பிறப்பைப் பதியாமலே விட்டவர்கள், பதிந்ததைத் தொலைத்தவர்கள், குடியுரிமை தராத சிவப்பு ஐசியோடு காலம் தள்ளியவர்கள். ஐயா பாலாய் ராயா பொது மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார். ஞாயிறுதோறும் கேம்பு நடத்தி, மறுநாள் ஆட்களை வேனில் ஏற்றிச் சிரம்பான் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். "பேரு பதியாத புள்ளைய எந்த வாத்தியாரும் கூப்பிட முடியாது, எந்த முதலாளியும் வேலைக்கு வைக்க முடியாது. பேரில்லாம ஒருத்தரும் நம்ம மத்தியில இருக்கக் கூடாது" என்று மேடைதோறும் சொல்வார்.

ரோகினியின் புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டபோது அவளுக்கு முப்பது வயது, கையில் இரண்டு பிள்ளைகள். அந்தப் பெண்ணின் கம்பெனி வாசலுக்கே போய் அவள் முடியைப் பிடித்து இழுத்துப் போட்டு மிதிக்க வேண்டும் என்ற வெறியோடு கிளம்பியவள், என்னவோ தோன்றி ஐயா வீட்டில் நுழைந்து அழுதாள். அவர் அழவிட்டார். அழுது முடித்ததும், "நாளைக்கு உனக்கு எந்த ஷிப்டும்மா?" என்று கேட்டார்.

"காலை ஷிப்டுங்கய்யா."

"அப்ப இப்பப் போய் சாப்பிட்டுப் படு. அவன் ஏன் போனான்னு அவன் யோசிக்கட்டும். நீ எங்க போகணும்னு மட்டும் நீ யோசி."

அவ்வளவுதான். அவள் போய்ச் சாப்பிட்டாள், படுத்தாள், காலையில் வேலைக்குப் போனாள். செனாவாங் தொழிற்சாலையில் இன்றைக்கு அவள் சூப்பர்வைசர். பிள்ளைகள் இருவரும் படித்து வெளியூரில் வேலையில் இருக்கிறார்கள். அந்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஐயாவின் கேம்பில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பதை அவள் விட்டதில்லை.

விழாவுக்கு முந்தைய வாரம், ஞாயிறு மதியம், கேம்பிலிருந்து வந்து வாழ்த்துரையை மேசையில் விரித்து வைத்து அடித்துத் திருத்திக்கொண்டிருந்தபோது கேட்டுக்கு வெளியே ஒரு பெண் வந்து நின்றாள். முப்பதைத் தாண்டிய வயது. ஒட்டிய கன்னம். வயிறு லேசாக மேடிட்டிருந்தது.

"அக்கா, ஐசிக்கு எழுதிக் குடுப்பீங்கன்னு சொன்னாங்க. ரஹாங்குல இருந்து வர்றேன். அங்க ஒரு சாப்பாட்டுக் கடையில பாத்திரம் கழுவுறேன்."

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள் ரோகினி. பெயர் மாதவி. பிறப்புப் பத்திரம் இல்லை, ஐசி இல்லை, பள்ளிக்கூடம் போனதில்லை. கூட வாழ்கிறவன் மைக்கல்ராஜ், லோரியில் கிளீனர். ஐசி இல்லாததால் கல்யாணத்தைப் பதிய முடியவில்லை. "எனக்குப் போனா போகுதுக்கா. இதுவும் என்னைய மாதிரியே ஆயிடும்" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

இந்த மாதிரிக் கதைகள் ரோகினிக்குப் புதிதல்ல. கை பழக்கத்தில் எழுதிக்கொண்டே போனது.

"எங்க பொறந்தே?"

"இங்கதான்க்கா. இந்தத் தோட்டத்து லயத்துல."

"அம்மா பேரு?"

"முத்தாயி. செத்துப் போயிட்டாங்க, கோவிட்ல."

முத்தாயி என்றதும் ரோகினி நிமிர்ந்தாள். லயத்தில் அடுத்த வீட்டில் மாமா வீட்டோடு இருந்த முத்தாயி அக்கா. ரோகினி சிறுமியாக இருந்தபோது ஒரு நாள் திடீரென்று காணாமல் போனவள். கோலாலம்பூருக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள் என்று அம்மா சொன்னது நினைவிருந்தது.

"அப்பா பேரு?"

மாதவி தரையைப் பார்த்தாள். "அது வேணாங்கக்கா. நான் பொறந்தது தெரிஞ்சவங்க யாராவது ஒருத்தர் சாட்சி சொன்னாப் போதும்னுதான் வந்தேன்."

"அப்படியெல்லாம் விட முடியாதும்மா. அவங்க கேப்பாங்க. தெரிஞ்சா சொல்லு."

"திருச்செல்வம்" என்றாள் மாதவி. "உங்க ஐயாதான்."

மேசையில் கிடந்த வாழ்த்துரையின் முதல் வரியில் அதே பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. ரோகினி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"யாரு உன்னைய அனுப்புனது? விழா வருதுன்னு தெரிஞ்சு வந்தியா? உங்க அம்மா யார் யாரு கூட இருந்தாளோ, அதுக்கு எங்க ஐயா பேரா கெடச்சுது?"

"நீங்க கேட்டீங்க, சொன்னேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாதவி எழுந்தாள். சிலிப்பரை மாட்டிக்கொண்டு, கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, வெயிலில் பஸ் நிற்கும் பெரிய சாலையைப் பார்த்து நடந்தாள்.

ரோகினி திரும்பினாள். சமையலறை வாசலில் அவள் அம்மா மயிலம்மாள் நின்றுகொண்டிருந்தாள். நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்த கை அப்படியே இருந்தது.

"முத்தாயி மகளா அது?" என்றாள்.

"என்னம்மா பேசுது அது? வாய் கூசாம…"

"அது பொய் சொல்லல."

மயிலம்மாள் போய்ச் சமையலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டு மறுபடியும் நெத்திலியைக் கிள்ள ஆரம்பித்தாள். மகளின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். முத்தாயிக்கு அப்போது பத்தொன்பது வயது. தாய் தகப்பன் இல்லை. ஐயா கல்யாணமானவர், வயது அவளைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். வீட்டுப் போராட்டக் கூட்டங்களுக்கு அவள்தான் தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பாள்.

"புடிச்சுப் போனாளா, பயந்து போனாளா, யாருக்குத் தெரியும்? நாங்க யாரும் கேக்கல. வயிறு தெரிஞ்சப்பத்தான் தெரிஞ்சுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனா மருந்து குடுக்குற டிரஸ்ஸர் தகப்பன் பேரு கேப்பாருன்னு லயத்துலயே வச்சுப் பாத்தோம். நாந்தான் தொப்புள்கொடி அறுத்தேன்."

"ஐயாவுக்குத் தெரியுமா?"

"வெளியதானே நின்னாரு. நாந்தான் போயி, பொம்பளப் புள்ளன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, லோரியில ஏத்தி அனுப்பிட்டோம். அவ போகமாட்டேன்னு கதவப் புடிச்சுக்கிட்டா. நாங்க நாலு பொம்பளைங்கதான் கைய எடுத்துவிட்டோம்." மயிலம்மாள் ஒரு நெத்திலியின் தலையைக் கிள்ளிப் போட்டாள். "வீட்டுப் பேச்சு நடந்துக்கிட்டு இருந்துச்சும்மா. அந்த நேரத்துல அவரு பேரு கெட்டா கம்பெனிக்காரன் சும்மா விடுவானா? எங்கள நடு ரோட்டுல விட்டிருப்பான். நீ சின்னப் புள்ள. எனக்கு வீடு வேணும்."

ரோகினி தலையைத் தூக்கி வீட்டைப் பார்த்தாள். ஐயா வாங்கித் தந்த வீடு. போன தீபாவளிக்குப் பூசிய மஞ்சள் சாயம். அவள் ஆசையாகப் போட்ட டைல்ஸ். தன்னை யாரோ நடுத்தெருவில் நிற்க வைத்துப் பார்ப்பது போல அவளுக்கு உடம்பு கூசியது. சற்று முன் தான் அந்தப் பெண்ணிடம் சொன்ன வார்த்தை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. தன் புருஷனைக் கொண்டுபோனவளைக்கூட அவள் அப்படிப் பேசியதில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரஹாங்குக்குப் போனாள். ஒன்றிரண்டு கடைகளில் விசாரித்து, மூன்றாவது கடையின் பின்புறத்தில் மாதவியைக் கண்டுபிடித்தாள். குழாயடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, எண்ணெய்ச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ரோகினியைக் கண்டதும் எழ முயன்றாள்.

"உக்காரு, உக்காரு" என்றாள் ரோகினி. வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. "நான் பேசுனது தப்பு. உங்க அம்மாவப் பத்தி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"பரவாலக்கா. நானும் ஒரு காலத்துல நம்பலதான்" என்றாள் மாதவி. கையை உதறிவிட்டுச் சொன்னாள். "எனக்குப் பதினெட்டு வயசாகுறப்ப அம்மா என்னைய உங்க கேம்புக்குக் கூட்டிட்டு வந்தாங்க. உள்ள வரமாட்டேன்னு பஸ் ஸ்டாப்புலயே நின்னுட்டாங்க. நான் மட்டும் வந்தேன். ஐயாதான் மேசையில இருந்தாரு. அம்மா பேரு கேட்டாரு, சொன்னேன். பேனாவக் கீழ வச்சிட்டாரு. ரொம்ப நேரம் என்னையவே பாத்தாரு. அப்புறம் ஆள விட்டு எனக்குக் குடிக்க மைலோ ஐஸ் வாங்கிக் குடுத்தாரு. 'சாட்சி இல்லாம ஒண்ணும் செய்ய முடியாதும்மா, சாட்சி கெடச்சா வா'ன்னாரு. அவ்வளவு பாசமாச் சொன்னாருக்கா. திரும்பிப் போயி அம்மாகிட்ட, அந்த ஐயா எவ்வளவு நல்லவரும்மான்னு சொன்னேன். அன்னைக்குத்தான் அம்மா வாயத் தொறந்து சொன்னாங்க. இனிமே அந்தப் பக்கமே போகக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. அவங்க இருக்குறவரைக்கும் நான் வரல."

சாட்சி இல்லை. அந்தக் கேம்பு நடந்த மண்டபத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் மயிலம்மாள் இருந்தாள். லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். அது ஐயாவுக்குத் தெரியும். ரோகினிக்குக் கடையின் பின்கட்டில் நிற்க முடியவில்லை. அந்த ஞாயிறு அவளும்கூட அந்த மண்டபத்தில் எங்காவது உட்கார்ந்து யாருக்காவது எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கலாம்.

அங்கிருந்து நேராக ஐயா வீட்டுக்குப் போனாள்.

அவர் வீட்டு முன்புறக் கூரையின் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்தார். மெலிந்துவிட்டார். ஆனால் முகத்தில் அந்தச் சாந்தம் அப்படியே இருந்தது. "வாம்மா ரோகினி, எழுதிட்டியா? ரொம்பப் புகழாதே. புகழ்ச்சி கேட்டு மயங்குற வயசும் போயிடுச்சு" என்று சிரித்தார்.

அவள் உட்காரவில்லை. மாதவி வந்ததைச் சொன்னாள், அம்மா சொன்னதைச் சொன்னாள். அவர் மறுக்கப் போகிறார் என்று அவள் நினைத்தாள். மறுத்தால் நல்லது என்றும் மனசின் ஒரு மூலை ஏங்கியது. அவர் மறுக்கவில்லை. வேட்டியின் ஓரத்தை விரலால் நீவிவிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ வந்து கேட்டதுல எனக்கு வருத்தம் இல்லம்மா" என்றார் கடைசியில். "யாராவது ஒருத்தர் கேக்கணும்னுதான் இருந்தேன். ஒரு மனுஷன் செஞ்ச நல்லது அவன் செஞ்ச கெட்டதக் கழிச்சிடாது. அந்தக் கெட்டதும் நல்லதக் கழிச்சிடாது. ரெண்டும் நம்ம வரிசை வீடு மாதிரி. சுவரு ஒண்ணுதான். வாசல் வேற வேற."

எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டார் என்றுதான் ரோகினிக்கு முதலில் தோன்றியது. மனசில் கொதித்தது சற்று அடங்கியதைக்கூட உணர்ந்தாள். இதை வாழ்த்துரையில் சேர்த்துவிடலாம் என்று ஒரு நினைப்பு ஓடியது. ஓடிய மறுநொடியே முகமெல்லாம் சுட்டது. எண்ணெய்ச் சட்டி தேய்த்தவளைப் பார்த்துவிட்டு வந்து, இங்கே நின்று இவர் பேச்சுக்குத் தலையாட்டிக்கொண்டிருக்கிறோமே என்று தன் மேலேயே அருவருப்பு வந்தது.

"அப்ப அந்த வாசலத் தொறங்க ஐயா" என்றாள். "நாளைக்கு என்கூட ஜேபிஎன்னுக்கு, பதிவு ஆபீசுக்கு வாங்க."

"விழா முடியட்டும்மா."

"முடிஞ்சா வருவீங்களா?"

அவர் தெருவைப் பார்த்தார். எதிர்வீட்டுப் பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். "மங்கம்மாவுக்கு நெஞ்சு சரியில்ல. இந்த வயசுல அவளுக்கு நான் இதக் குடுக்கணுமா? பொறுமையா யோசிச்சுத்தான் செய்யணும்."

"அந்தப் புள்ள கேம்புக்கு வந்தப்ப சாட்சி இல்லன்னு சொன்னீங்களா?"

அவர் மறுபடியும் வேட்டியின் ஓரத்தை நீவினார்.

"எங்க அம்மாதான் சாட்சின்னு உங்களுக்குத் தெரியும். கூப்பிட்டா வந்திருப்பாங்க. மைலோ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டீங்க."

இத்தனை வருஷத்தில் ஐயாவுக்குப் பேச்சு வராமல் போனதை ரோகினி அன்றுதான் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. "வெயில்ல வந்திருந்துச்சு" என்றார் பிறகு. "தாகமா இருக்கும்னு நெனச்சேன்."

ரோகினி திரும்பி நடந்தாள். கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்து மோட்டாரில் சாவியைப் போட்டபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஐயாவின் மனைவி மங்கம்மா வேலியோரமாக நடந்து வந்துகொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"நல்லா இருக்குதா அந்தப் புள்ள?"

ரோகினி சாவியிலிருந்து கையை எடுத்தாள்.

"முகம் அவரு மாதிரியா, முத்தாயி மாதிரியா?"

"முத்தாயி அக்கா மாதிரிதான்மா."

"நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு மங்கம்மா மெல்லத் திரும்பி நடந்தாள்.

அந்த வாரம் முழுவதும் ரோகினி சரியாகச் சாப்பிடவில்லை. குடியிருப்புச் சங்கத் தலைவர் குணாளனிடம் போய், வாழ்த்துரையை வேறு யாராவது படிக்கட்டும் என்றாள். ஏன் என்று அவர் கேட்டதும் சொல்ல முடியவில்லை.

"என்னலா நீ, கடைசி நேரத்துல? உன்னைய விட்டா யாரு இருக்கா? உனக்கு அவரு செஞ்சத நீ சொல்லாம வேற யாரு சொல்லுவா?"

அதுவும் உண்மைதானே என்றுதான் அவளுக்குத் தோன்றியது. எழுதி வைத்ததை எடுத்து மறுபடியும் படித்துப் பார்த்தாள். பொய்யான ஒரு வரி கிடைத்தால் அந்தச் சாக்கிலாவது தப்பித்துவிடலாம் என்று தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. வீடு உண்மை. மண்வாரியின் முன்னால் படுத்தது உண்மை. ஐசி வாங்கித் தந்தது உண்மை. அவளைச் சாப்பிட்டுப் படுக்கச் சொன்னதும் உண்மை.

விழா அன்று பாலாய் ராயா நிரம்பி வழிந்தது. ஐயாவும் மங்கம்மாவும் மாலையோடு மேடையில் இருந்தார்கள். ரோகினி பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போய் ஒலிபெருக்கி முன்னால் நின்றாள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த லயத்துப் பெண்கள் கண்ணில் பட்டார்கள். அம்மா, அம்மாவின் பக்கத்தில் இன்னும் இரண்டு மூன்று கிழவிகள். கதவைப் பிடித்திருந்த ஒரு கையை எடுத்துவிட்டவர்கள். அவர்கள் வெற்றிலைச் சிவப்பு வாயோடு அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அவள் படித்தாள். குரல் தடுமாறவில்லை, அதுதான் அவளுக்கே ஆச்சரியம். வீடு வந்த கதையைப் படித்தபோது கைதட்டினார்கள். தன் கதையைப் படித்தபோது சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அடுத்து அந்த வரி வந்தது: 'பேரில்லாம ஒருத்தரும் நம்ம மத்தியில இருக்கக் கூடாது என்று சொன்னவர் எங்கள் ஐயா.' அவள் அதைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. கூட்டம் காத்திருந்தது. அவள் அந்த வரியைத் தாண்டி அடுத்ததற்குப் போனாள். வாழ்க பல்லாண்டு என்று முடித்தாள்.

மேடையில் ஆசி வாங்கக் குனிந்தபோது ஐயா அவள் தலையில் கை வைத்தார். "நல்லாப் படிச்சேம்மா" என்றார். பிறகு தணிந்த குரலில், "ஒரு வரிய விட்டுட்டியே" என்றார். அந்த வரி அவர் மேடைக்கு மேடை சொன்னதுதான். எங்கே வந்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா?

"ஆமாங்கய்யா" என்றாள் ரோகினி.

எதையோ செய்துவிட்டதாக ஒரு கணம் நினைத்தாள். மேடையிலிருந்து இறங்கி வருவதற்குள் அந்த நினைப்பும் போய்விட்டது. ஒரு வரியை விழுங்கியதில் யாருக்கு என்ன கிடைத்தது? அத்தனை பேர் முன்னால் நின்று, பட்டுச் சேலையில், அவரை வாழ்த்திவிட்டு வந்திருக்கிறாள். சாப்பாட்டுப் பந்தியில் உட்காராமல் வீட்டுக்கு வந்து, சேலையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

வெளியே வந்தபோது மயிலம்மாள் கூடத்தில் இருந்தாள். அவளும் சாப்பிடாமல் வந்திருந்தாள்.

"அம்மா, நீ ஜேபிஎன்னுக்கு வரணும். சாட்சி சொல்லணும்."

"நானா? ஆபீசுல போயி, மலாய்க்காரப் பொண்ணு முன்னால நின்னு இதச் சொல்லவா? செத்துப் போற வயசுல?"

"பொறந்தத மட்டும் சொன்னாப் போதும். நீதானே அறுத்தே."

மயிலம்மாள் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ கதவ விடமாட்டேன்னா" என்றாள். "என் வளையல் உடைஞ்சு அவ கையில கீறிடுச்சு. ரத்தம் வந்துச்சு. அதோடதான் லோரியில ஏறுனா." பிறகு எழுந்து போய் அலமாரியில் தன் ஐசியைத் தேட ஆரம்பித்தாள்.

அடுத்த வாரம் ரோகினி லீவு போட்டாள். சிரம்பான் பதிவு அலுவலகத்தில் மூன்று பேரும் எண் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மாதவி புதுச் சட்டை போட்டிருந்தாள். மயிலம்மாள் அவளை நேராகப் பார்க்கவில்லை; ஆனால் கொண்டுவந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து அவள் மடியில் வைத்தாள். "சாப்புடு. வெறும் வயித்தோட இருக்கக் கூடாது." மாதவி சாப்பிட்டாள்.

முகப்பு மேசையில் இருந்த மலாய்ப் பெண் சின்ன வயதுக்காரி. மரியாதையாகக் கேட்டாள். மயிலம்மாள் பாதி மலாயிலும் பாதி தமிழிலும் சொல்ல, ரோகினி மொழிபெயர்த்தாள். எந்த லயம், எந்தக் காலம், யார் யார் இருந்தார்கள், குழந்தை பிறந்ததும் எப்படி அழாமல் கிடந்து, முதுகில் தட்டியதும் அழுதது என்றெல்லாம். கேட்காததையும் சொன்னாள் மயிலம்மாள். இத்தனை வருஷம் அடைத்துக் கிடந்தது ஒரேயடியாக வந்தது.

"நாம பாப்பா?" என்று கேட்டாள் அந்தப் பெண். தகப்பன் பெயர்.

மயிலம்மாள் வாயைத் திறந்தாள். மாதவி அவள் கையைத் தொட்டாள். "வேணாம் ஆயா" என்றாள். பிறகு முகப்பைப் பார்த்து, "தாக் அடா" என்றாள். இல்லை.

அந்தப் பெண் ஒரு நொடி தயங்கினாள். தகவல் இல்லை என்று மலாயில் கணினியில் தட்டினாள்.

வெளியே வந்ததும் ரோகினி பொறுக்க முடியாமல் கேட்டாள். "ஏன் மாதவி? அம்மா சொல்லியிருப்பாங்களே."

"அவரு குடுக்கல. நான் ஏன்க்கா எடுக்கணும்?" என்றாள் மாதவி. "அம்மா பேரு இருக்குல்ல. போதும்."

உடனே எதுவும் நடந்துவிடவில்லை. விசாரணைக்கு மறுபடி கூப்பிடுவோம் என்றார்கள், காத்திருக்கச் சொன்னார்கள். இரண்டு முறை போய் வந்தார்கள். மழைக்காலத்தில் மாதவிக்கு ஆண் குழந்தை பிறந்தது. அதற்கும் சேர்த்து இன்னொரு மனு எழுதினாள் ரோகினி. மாதவியின் பிறப்புப் பத்திரம் வந்தது அதற்கப்புறம்தான். ஐசிக்கு இன்னும் காத்திருக்கிறாள்.

மயிலம்மாள் ஒருமுறை வாயைத் திறந்தபிறகு மூடவில்லை. கோயிலில் சொன்னாள், பாசார் சந்தையில் சொன்னாள். மற்றக் கிழவிகள் முதலில் அவளைத் திட்டினார்கள், பிறகு ஒருத்தி அழுதாள், பிறகு எல்லாரும் பேசாமல் இருந்துவிட்டார்கள். குணாளன் ஒரு நாள் ரோகினி வீட்டு வாசலில் வந்து நின்று, "இப்ப இத எடுத்து யாருக்கு என்ன லாபம்? நாளைக்கு நம்ம எல்லாருக்கும்தானே அசிங்கம்" என்றார்.

"அசிங்கம் ஏற்கெனவே நம்மளுதுதான்ணே" என்றாள் ரோகினி. "நம்ம எல்லாரும் அதுலதான் குடியிருக்கோம்."

அவர் கோபமாகத் தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். அப்படியே போய்விட்டார். ஞாயிறு கேம்பு மட்டும் நிற்கவில்லை. மேசையில் இப்போது ரோகினி தனியாக உட்காருகிறாள்.

திருச்செல்வம் ஐயா இன்னமும் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில்தான் இருக்கிறார். அலுவலகத்துக்கு அவர் வரவில்லை. ரோகினியும் மறுபடி கேட்கவில்லை. காலை ஷிப்டுக்குப் போகும்போது அவர் வீட்டைக் கடந்துதான் போக வேண்டும். மோட்டார்ச் சத்தம் கேட்டதும் அவர் கையை உயர்த்துகிறார். சில நாள் அவள் பார்க்காதது போலப் போய்விடுகிறாள். தொழிற்சாலை வாசல்வரைக்கும், அவர் சொல்லைப் பிடித்து அவள் வாழ்ந்த வாழ்க்கையே அவளைத் திட்டுகிறது. சில நாள் அவளையறியாமல் அவள் கையும் உயர்ந்துவிடுகிறது. அன்றைக்கு ரஹாங் கடையின் குழாயடி நினைவுக்கு வந்து உடம்பு கூசுகிறது. இன்றைக்கு எது என்று தெரியாமலேதான் அவள் ஒவ்வொரு நாளும் அந்தத் தெருவில் திரும்புகிறாள்.